எண்பத்து நாலாம் பக்கம்

19.6.2025, வியாழன்

காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், மகன் இராமு, கட்சிக்காரர் பூமிநாதன், இவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தர தேவகோட்டையிலிருந்து வந்த கதிரவன் வாத்தியார், நான். ஐந்து பேர். காபி ஒன்பது, ஏனென்றால் பூமிநாதன் பேசப் பேசக் குடிப்பார்.

ஆவணியில் இவருக்கு எழுபது. பீமரத சாந்தி மேடையிலேயே புத்தகமும் வெளியாகுமாம். "மந்திரி வாராக. அண்ணனுக்கு இன்னொரு தடவை டெல்லி உறுதி" என்றார் பூமிநாதன். ஓட்டுக் கேட்டு ஒரு வீட்டு வாசல்படி ஏறாமல் ஆறு வருஷம் ராஜ்யசபாவில் உட்கார்ந்தாயிற்று. இன்னும் ஆசை விடவில்லை.

என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. சாந்தியன்று இவரோடு மணையில் உட்கார என்ன கலரில் பட்டு எடுக்கலாம்?

21.6, சனி

வாத்தியார் டைப் அடித்த தாள்களைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பக்கம் 84: 'புதுவயல் ரைஸ் மில் தொழிலாளியின் மகளுக்கு இதய ஆபரேஷன் செய்ய, ஒரே கடிதத்தில் பிரதமர் நிவாரண நிதி பெற்றுத் தந்து உயிர் காத்த வள்ளல்.'

மூன்று தடவை படித்தேன். பச்சைப் பொய்.

22.6, ஞாயிறு

இவர் எம்.பி.யாக இருந்தபோது மனு கொண்டு வந்தவர்களை எல்லாம் நான் நோட்டில் எழுதி வைத்தேன். பெயர், ஊர், தேவை, தேதி. மொத்தம் பதினோரு நோட்டு. இன்று ஏழாவதை எடுத்தேன்.

அக்கம்மாள், புதுவயல். மகள் தேவிகா, ஆறு வயது. இதயத்தில் ஓட்டை. எம்.பி. கடிதம் வேண்டும். நாலு தடவை நடந்திருக்கிறாள். நாலாவதன் பக்கத்தில் என் கையெழுத்தில்: 'கடிதம் கையெழுத்தாயிற்று.'

ஆயிற்று. ஆனால் போகவில்லை. இவர் டெல்லிக்குப் புறப்படும்போதெல்லாம் மனுப் பையைக் கட்டுவது நான். அன்றைக்குச் சொன்னார்: "மந்திரி வீட்டு அம்மாவுக்குக் கண்டாங்கி பன்னெண்டு போகணும். இடம் பத்தலைன்னா மனுவ எடுத்து வையி. அடுத்த தடவை பாத்துக்கலாம்." அக்கம்மாள் கடிதத்தையும் சேர்த்து எடுத்து வைத்தேன். சேலையை மடிப்புக் கலையாமல் அடுக்கினேன். அடுத்த வாரம் அக்கம்மாள் வந்து கேட்டபோது, "போயிருச்சு, கவலைப்படாத" என்றேன். ஏன் சொன்னேன்? இவர் மானம் போகக் கூடாதாம்! அவள் அதை நம்பி வேறெங்கும் கேட்கவில்லை. பை கட்டிய நாளிலிருந்து முப்பத்தோராம் நாள் பிள்ளை செத்துப்போயிற்று. இவர் அடுத்து டெல்லி போனது நாற்பதாம் நாள்.

கடிதம் இன்னும் என் பீரோவில்தான் இருக்கிறது.

23.6, திங்கள்

84ஆம் பக்கத்தைப் பற்றி இவரிடம் கேட்டேவிட்டேன்.

"பதினாறு வருஷத்துக் கதை. எவ நினைப்பு வச்சிருக்கா?"

"பெத்தவ வச்சிருப்பா."

"தேனம்மை, பையில இருந்து எடுத்தது யாரு? நானா? நீதானே?"

அதுதான் இவர் கெட்டிக்காரத்தனம். ராஜ்யசபாவில் ஆறு வருஷமும் வாயைத் திறக்காதவருக்கு, வீட்டில் மட்டும் எங்கே குத்த வேண்டும் என்று தெரிகிறது.

25.6, புதன்

பிள்ளையார்பட்டி போனேன். அகவல் பாதியில் நின்றுவிட்டது. ஐம்பது வருஷத்தில் முதல் தடவை.

28.6, சனி

பஸ்ஸில் புதுவயல் போனேன். கடிதத்தையும் எடுத்துக்கொண்டேன். அக்கம்மாள் அதே மில்லில் உமி கூட்டுகிறாள். "ஆச்சி, வெயில்ல எதுக்கு வந்தீக? சொல்லி விட்டா நானே வந்திருப்பேன்ல" என்று சாக்கை உதறி விரித்தாள். நான் உட்காரவில்லை. எல்லாம் சொன்னேன். சேலை, பை, என் பொய், புத்தகம், எல்லாம்.

கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது.

"இம்புட்டு வருஷமும் டெல்லிக்காரகளைத்தான் சாபம் விட்டு வஞ்சேன் ஆச்சி. ஆளு மாத்தி வஞ்சிருக்கேன்."

பிறகு கேட்டாள்: "அந்தப் பொஸ்தகத்துல எம்மக பொழச்சிட்டாளா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? தலையைத் திருப்பிக்கொண்டு உமியைக் கூட்டப் போனாள். அழுதிருந்தால் தேவலை.

30.6, திங்கள்

இராமு வந்தான். "ஆத்தா, நீ மணையில உக்காராட்டி சாந்தியே இல்ல. அப்பச்சி தனியா உக்கார முடியுமா? ஊரே சிரிக்கும்."

"பிள்ளை செத்தப்ப ஊரு அழலை. இப்பச் சிரிச்சிட்டுப் போகட்டும்."

"வாத்தியார்ட்டச் சொல்லி அந்தப் பக்கத்தையே எடுத்துரலாம். சரியா?"

எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளை இரண்டாம் தடவை பீரோவுக்குள் போகும். சரியில்லை என்றேன்.

2.7.2025, புதன்

உங்களுக்குத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் பேச்சிலேயே கவிழ்த்துவிடுவீர்கள். இந்த நோட்டையும் ஏழாவது மனு நோட்டையும் உங்கள் மேஜையில் வைக்கிறேன்.

84ஆம் பக்கம் நடந்தது நடந்தபடி வர வேண்டும். கண்டாங்கிச் சேலை வர வேண்டும். மனுவை எடுத்து வைத்தவள், போய்விட்டது என்று பொய் சொன்னவள் தேனம்மை என்று என் பெயரும் வர வேண்டும். அதற்கு முன்னால் நாம் இரண்டு பேரும் புதுவயல் போக வேண்டும். பூமிநாதன் வேண்டாம், போட்டோக்காரர் வேண்டாம். நீங்கள் உங்கள் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும்.

சொன்னால் நீங்கள் எடுத்துத் தரும் எந்தக் கலரிலும் உட்காருகிறேன். சொல்லாவிட்டால் மணை காலியாகத்தான் இருக்கும். உங்கள் ஆயுசுக்கு வேண்டிக்கொள்வதை நிறுத்த மாட்டேன்; அது பூஜை அறையில் எனக்கும் சாமிக்கும். மேடையில் கிடையாது.

சாந்தி அழைப்புப் பத்திரிகை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் பதில் சொல்லுங்கள்.