ஹுன்னஸ்கிரிய பஸ் வரும் வரைக்கும்

என்னங்க, உங்களைத்தான்,

எட்டு மாதமாக அடுப்படியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். நீங்கள் திரும்பிப் பார்ப்பதாக இல்லை. அதனால் இன்றைக்கு எழுதுகிறேன். நாளைக்கு ஆராதனை முடிந்ததும், ஓட்டெடுப்புக்கு முன்னால், மூப்பர் டேவிட் அண்ணன் இதைச் சபைக்கு வாசிப்பார். நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச எனக்கு வராது என்பது உங்களுக்குத் தெரியும். உங்களிடம் பேசினால்தான் எனக்குப் பொய் வராது. அதனால் கடிதம் உங்களுக்கு, கேட்கப்போவது அவர்கள். டேவிட் அண்ணன், இதில் உங்களைப் பற்றியும் வருகிறது. அந்த இடத்தைத் தாண்டிப் போகாமல் வாசியுங்கள்.

முதலில் செய்தியைச் சொல்கிறேன். நம் சபைக்குப் புதுப் போதகர் ஒருவரைப் பார்த்திருக்கிறார்கள். பெயர் ஜெபநேசன், வவுனியாக்காரர். மனைவி அனிதாவுக்கு ஆறு மாதம். நம் வழக்கப்படி இரண்டு ஞாயிறு பிரசங்கம், நடுவில் ஒரு கிழமை நாம் இருக்கிற இந்த மிஷன் வீட்டிலேயே தங்கல், பிறகு ஓட்டு. மூன்றில் இரண்டு பங்கு பேர் ‘ஆம்’ என்று எழுதிப் போட்டால் அவர் நம் போதகர். நீங்களும் இப்படித்தான் வந்தீர்கள். அந்தக் கிழமை முழுக்க வீடு வீடாகச் சாப்பிட்டு வயிறு கெட்டு, இவர்கள் ஓட்டு எண்ணிய நேரத்தில் நீங்கள் இருந்த இடத்தைச் சபையில் வாசிக்க முடியாது.

இவர் வந்து இறங்கியதும் டேவிட் அண்ணன் முதலில் பொலிசுக்குக் கூட்டிப்போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தார். சண்டை நடக்கிற வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது அதுதான் வரவேற்பு. அந்த மனிதர் திரும்பி வந்து, கை கழுவி, நான் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார்.

அவர் தெரிவானால் நான் இந்த வீட்டை விட்டுப் போகவேண்டும். கமிட்டியில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. “அவசரமில்லம்மா, ஆறுதலா பாத்துக்கலாம்” என்கிறார்கள். ஆனால் கடுகண்ணாவையில் தம்பி தன் கடைக்குப் பின்னால் ஓர் அறையைத் துப்புரவாக்கிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டான். பிள்ளையில்லாத எனக்கு அவனை விட்டால் யார்? நல்லவன்தான். இருந்தாலும் பத்தொன்பது வருஷம் புழங்கிய வீடு இது. உங்கள் இருமல் சத்தம்கூட இன்னும் இந்தச் சுவரில்தான் இருக்கிறது.

இப்படி, என்னை வெளியேற்ற வருகிறவருக்கு நானே படுக்கை விரித்தேன். உங்கள் அலுமாரியில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன். வயிறு எரிந்ததா என்றால் எரிந்தது. அவர் உங்கள் கதிரையில் உட்காரப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, வாங்குப் பலகையில் போய் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் எரிச்சல் தணிந்தது. இவ்வளவு சீக்கிரம் தணிந்துவிட்டதே என்று மறுபடியும் எரிச்சல் வந்தது. இந்தக் கிழமை முழுக்க என் நிலைமை இதுதான்.

போன சனிக்கிழமை பின்னேரம் அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“அம்மா, நாளைக்கு ஒன்பது மணிக்கு மணி அடிச்சாச் சரிதானே? நான் தெரிஞ்சிருக்க வேண்டியது வேற ஏதும் இருக்கோ?”

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நிமிராமலே, “ஒன்பதுதாங்க. வேற ஒன்னுமில்ல” என்றேன்.

இந்த ஒரு பதிலைத்தான் ஒரு கிழமையாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

சபையாருக்கு இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லவேண்டும். என்னங்க, நீங்கள் பத்தொன்பது வருஷம் மறைத்ததை உடைக்கப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நோட்டீசில் ஆராதனை ஒன்பது மணி. ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற நம் பதினெட்டுப் பேரின் பஸ் கீழே றோட்டில் வந்து நிற்க எப்படியும் ஒன்பது பத்து, ஒன்பதேகால் ஆகிவிடும். அந்த றோட்டு எங்கள் சமையலறை ஜன்னலில் இருந்து பார்த்தால்தான் தெரியும். சபையாரே, உங்கள் ஐயா ஆலயத்தின் பக்கத்து அறை வாசலில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நிற்பார். புரட்டுவது சும்மா. கண் எங்கள் ஜன்னலில் இருக்கும். பஸ்ஸிலிருந்து அவர்கள் இறங்குவதை ஜன்னல் இடுக்கு வழியாகக் கண்டதும் நான் அதை விரியத் திறப்பேன். அவர் மணி அடிக்கச் சொல்வார். அவர்கள் படியேறி வந்து சேரவும் முதல் பாட்டு தொடங்கவும் சரியாக இருக்கும்.

டவுன்காரர்கள் எல்லாரும் ஐயாவுக்கு நேரம் தெரியாது என்றுதான் நினைத்தார்கள். டேவிட் அண்ணன் அதைக் கூட்டக் குறிப்பிலேயே எழுதிவைத்தார். பத்து வருஷ நிறைவுக்குச் சபை சேர்ந்து உங்களுக்கு ஒரு கைமணிக்கூடு வாங்கித் தந்தது நினைவிருக்கிறதா? எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் பல் தெரியச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டீர்கள். அடுத்த ஞாயிறும் ஒன்பதேகாலுக்குத்தான் மணி அடித்தது. அண்ணன், அந்த மணிக்கூடு ஒரு நிமிஷம்கூடப் பிந்தவில்லை. நன்றாகத்தான் ஓடியது.

“உள்ளத சொல்லித் தொலைங்களேன்” என்று அன்றைக்கே நான் சண்டை பிடித்தேன். “சொன்னா, தோட்டத்து ஆளுகளுக்காக நாங்க காத்துக் கெடக்கணுமான்னு நாலு பேரு கேப்பாங்க எஸ்தர். அந்தப் பேச்சு அவங்க காதுல விழும். கோவம் எம்மேலயே இருக்கட்டும்” என்றீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு மாத்தளையிலிருந்து வந்துபோன போதகர் பதினொரு மணிக்குத்தான் ஆராதனை வைத்தார். அதனால் பஸ்ஸைப் பற்றிய பேச்சே எழவில்லை. ஜன்னலையும் நான் எட்டு மாதமாகத் திறக்கவில்லை. திறந்தால் எதிரே உங்கள் வாசல் தெரியும், அங்கே நீங்கள் இருக்கமாட்டீர்கள். புதியவர் வருகிறார் என்றதும் டேவிட் அண்ணன் பழையபடி ஒன்பது மணி என்று நோட்டீஸ் ஒட்டினார்.

ஆகவே போன ஞாயிறு, சொன்னால் சொன்னபடி, சரியாக ஒன்பதுக்கு மணி அடித்தது. எனக்கு அப்போதுதான் பஸ் நினைவு வந்தது. அப்போதுதானா? முதல்நாள் கேட்டபோது உண்மையில் மறந்திருந்தேனா, இல்லை நினைவு வந்தும் சொல்லாமல் விட்டேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நேரம் பார்த்தால் தேங்காய், கறி, விருந்து என்ற அவசரத்தில் மறந்த மாதிரித்தான் இருக்கிறது. இன்னொரு நேரம், அவர் கேட்ட அந்த நொடியில் உங்கள் முகம் மனதில் வந்து போனதும் நினைவிருக்கிறது. உங்கள் முகம் வந்தது என்றால் பஸ்ஸும் வந்திருக்கத்தானே வேண்டும்? சரி, முதல்நாள் மறந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மணி அடித்த பிறகாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். முப்பது அடி தூரம். நான் அடுப்பை அணைத்துவிட்டு, தலையைச் சீவி, சேலையைச் சரிபண்ணிக்கொண்டு ஆறுதலாகப் போனேன்.

பிரசங்கம் நடக்கும்போது அவர்கள் வந்தார்கள். புதுப் போதகரை வாசலில் மாலை போட்டுப் பாட்டோடு உள்ளே கூட்டிவருவது ஹுன்னஸ்கிரியக்காரர்களின் உரிமை அல்லவா? இரண்டு கிழமையாகப் பாடிப் பழகியிருக்கிறார்கள். அன்னம்மாள் கையில் செவ்வந்தி மாலை. பதினெட்டுப் பேரும் வாசலில் நிற்கிறார்கள், கூட்டிவர வேண்டியவர் உள்ளே பிரசங்கபீடத்தில் நிற்கிறார். அவர் ஒரு கணம் நிறுத்தி, “உள்ள வாங்கோ, வந்து இருங்கோ” என்றார். கடைசி வாங்குகளில் உட்கார்ந்தார்கள். மாலை அன்னம்மாளின் மடியிலேயே இருந்தது. ஆராதனை முடிந்ததும் சாப்பாட்டுக்கும் நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். பதினெட்டுப் பேருக்குப் போடவேண்டிய கறி எல்லாம் மிஞ்சியது.

திங்கட்கிழமை டேவிட் அண்ணன் வந்து, “அவங்க பதினெட்டு பேரும் ‘இல்ல’தானாம். அவங்க இல்லாம மூனுல ரெண்டு வராது” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். நான் தேத்தண்ணி ஊற்றினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது. இரவு படுத்தபோது மட்டும் அன்னம்மாளின் மடியில் கிடந்த மாலை கண்ணிலேயே நின்றது.

புதன்கிழமை பஸ் ஏறி ஹுன்னஸ்கிரியவுக்குப் போனேன். அன்னம்மாள் பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, லயத்து வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அன்னம்மா, தப்பு என் மேல. பஸ்ஸு வந்த பெறகுதான் மணி அடிக்கணும்னு நான்தான் அவருகிட்ட சொல்லல்ல.”

“தெரியுங்கம்மா” என்றாள்.

“என்னா தெரியும்?”

“நாங்க பஸ்ஸ விட்டு எறங்குனா ஒங்க ஜன்னல் தொறக்கும், பெறகுதான் மணி அடிக்கும். இத்தன வருஷமா கீழ நின்னு பாக்குறோம், இது தெரியாதாம்மா? அன்னைக்கு ஜன்னல் சாத்தியே கெடந்திச்சி. சரி, அம்மாவுக்கு இவரு வேணாம் போலருக்கு, அதத்தான் நமக்குச் சொல்றாங்கன்னு பேசிக்கிட்டோம்.”

நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். யாருக்கும் தெரியாமல் செய்கிறோம் என்று நாம் இரண்டு பேரும் எவ்வளவு பெருமைப்பட்டோம்! அவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டேதான் படியேறியிருக்கிறார்கள்.

“அப்ப மாலைக்காக கோவமில்லையா?”

“மாலய ஆட்டுக்குப் போட்டாச்சிங்க. அது கெடக்கட்டும். ஐயா எங்களுக்காக அம்புட்டுப் பேச்சு வாங்குனாரு. அவரு சம்சாரத்த வீட்ட விட்டு அனுப்ப நாங்களே எங்க கையால எழுதிப் போடணுமா? மாட்டோங்கம்மா.”

 அப்படி ஒரு அர்த்தத்தில் நான் ஜன்னலைச் சாத்தவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.  திறக்காமல் விட்டது உங்களை நினைத்தா, இவரை நினைத்தா என்று எனக்கே பிடிபடாதபோது அவளுக்கு எப்படி விளக்குவது? அவள் தந்த தேத்தூளை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழியில் தெல்தெனிய வரும் வரைக்கும் அழுகையாக வந்தது. எதற்கு என்று அதுவும் தெரியாது.

மறுநாள் காலையில் அனிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மழையில் ஊதி இறுகிப்போயிருந்தது. “இதை ஏன் அம்மா பூட்டி வச்சிருக்கிறியள்? காத்து வரும்தானே” என்றாள். “திறக்க ஏலாது பிள்ளை” என்றேன். பின்னாலேயே அவர் வந்தார்.

“அம்மா, அண்டைக்கு நான் பிரசங்கத்தை நிப்பாட்டிப்போட்டு வாசலுக்குப் போயிருக்க வேணும். அந்த மாலை எனக்கெண்டு பிறகுதான் விளங்கினது. அந்தச் சனத்துக்கு எவ்வளவு மனம் நொந்திருக்கும். பிழை என்னிலதான்.”

பிழை தன்மேலாம். கோபம் என்மேலேயே இருக்கட்டும் என்ற உங்கள் பேச்சின் இன்னொரு சத்தம் போல் இருந்தது. இப்படி ஒரு ஆளை எங்கிருந்துதான் தேடிப் பிடித்தார்களோ! கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

அவர் உங்களைப் போல நல்ல போதகராக வருவாரா என்று எனக்குத் தெரியாது. நான் மறந்தேனா, வேண்டுமென்று விட்டேனா என்பதும் இனித் தெரியப்போவதில்லை. கடுகண்ணாவையில் அந்த அறையில் எனக்குத் தூக்கம் வருமா என்றும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: அவரிடம் தவறில்லை. அன்னம்மா, நீயும் மற்றப் பதினேழு பேரும் கேளுங்கள். எனக்காக ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். உங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள், அது உங்கள் உரிமை. எனக்காக வேண்டாம். என் துண்டில் நான் ‘ஆம்’ என்றுதான் எழுதப்போகிறேன். எழுத்து விளங்கும்படி எழுதுவேன்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நாளைக் காலையில் சுத்தியலால் தட்டியாவது அந்த ஜன்னலைத் திறப்பேன். அவரை உங்கள் இடத்தில் நிற்கச் சொல்லியாயிற்று. எதற்கு என்று சொன்னதும், “ஓம் அம்மா, நான் பாத்துக்கொண்டு நிப்பன்” என்றார். அனிதாவை என் பக்கத்தில் நிறுத்தி, பஸ் எந்த வளைவில் முதலில் தெரியும், ஆட்கள் இறங்கி முடிய எவ்வளவு நேரமாகும் என்று காட்டிக்கொடுப்பேன். டேவிட் அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்தால் பார்க்கட்டும்.

அவர் தெரிவானால், பிறகு நானும் கடுகண்ணாவையிலிருந்து வந்து, டவுனில் பஸ் மாறி, அந்தப் படியடியில்தான் இறங்கவேண்டும். எனக்கும் ஒன்பதுக்கு வந்துசேர முடியாது. இறங்கியதும் நிமிர்ந்து அந்த ஜன்னலைப் பார்ப்பேன். அது திறந்தால், பத்தொன்பது வருஷம் நீங்கள் யாருக்காக நின்றீர்களோ அவர்களோடு சேர்ந்து, அவசரப்படாமல் படியேறி வருவேன்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
எஸ்தர்