கிண்ணத்தில் ஒரிஜினல் சக்கரம்

அன்பு மச்சான் யூசுபு,

நீ போயிருக்கும் இடத்தில் ரயில் உண்டா? இருந்தால், ஏறுவதற்கு முன் குனிந்து அதன் சக்கரத்தைப் பார்த்திருப்பாய். மேலே கொடைக்கானலில் உன்னைத் திருடன் என்கிறார்கள். அதைச் சொல்லத்தான் பழனியிலிருந்து இதை எழுதுகிறேன். பத்திரிகையில் ஊரே படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஊரார் படிப்பதால், உனக்குத் தெரிந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சீமைக்குத் திரும்பிய ஒரு துரை, தன் பொம்மை ரயிலை மலைமேல் உள்ள கிளப்புக்குக் கொடுத்துவிட்டுப் போனார். சாவி கொடுத்தால் ஓடும் எஞ்சின், பின்னால் பச்சை நிறப் பயணிகள் பெட்டிகள், ஒவ்வொரு ஜன்னலிலும் தகரத்தில் தீட்டிய துரைமார்கள். கிளப் அதை மிகுந்த மரியாதையோடு ஈரச் சுவரை ஒட்டிய அலமாரியில் பூட்டி வைத்தது. சில மழைக்காலங்கள் கழித்துத் திறந்தபோது, பெட்டிகளின் வார்ப்புச் சக்கரங்கள் வெடித்துக் கிடந்தன. தொட்டால் பழைய சீனிமிட்டாய் போல உதிர்ந்தன.

சீசன் கண்காட்சிக்கு ரயில் ஓடியாக வேண்டும். சீமையிலிருந்து வேறு சக்கரம் வரவழைக்க யுத்தம் விடவில்லை. கிளப் காரியதரிசி, பஜாரில் நீ விளக்கும் ஸ்டவ்வும் பழுதுபார்க்கும் கடைக்கே வந்து நின்றார். "எப்படியாவது ஓட வைங்க பாய். மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார். மற்றதை அவர் பார்த்துக்கொண்ட அழகைத்தான் இப்போது நாங்கள் பார்க்கிறோம்.

பித்தளைக்கு என் பஞ்சாமிர்தக் கடையில் உடைந்து கிடந்த குத்துவிளக்கின் தண்டைக் கொண்டுவந்து தந்தேன். நீ அதைக் கடைசல் பிடித்துக்கொண்டே சொன்னாய்: "ஏலே மச்சான், இனிமே அந்தத் துரைமாரு அத்தனை பேரும் உங்க சாமி வெளக்கு மேலதான்டா சவாரி போகணும்!"

நீ அடக்கமானவன் என்று இறந்தபின் பொய் சொல்ல மாட்டேன். முதல் பெட்டிக்குச் சக்கரம் மாட்டியதும் பஜாரையே கூப்பிட்டுக் காட்டினாய். எஞ்சினோடு சேர்த்தால் கொக்கி எட்டவில்லை. சக்கரம் மயிரிழை சிறுத்து, பெட்டி தாழ்ந்துபோயிருந்தது. "மலைக்காத்துல பெட்டி சுருங்கிருச்சு" என்று கூசாமல் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அப்புறம் எல்லாரையும் விரட்டிவிட்டு மறுபடி கடைந்தாய். சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் எல்லா அச்சிலும் ஒன்றுபோல இருக்க ஒரு பித்தளைத் துண்டை அளவாக வெட்டி, அது நுழையாத அச்சையெல்லாம் பெயர் வைத்துத் திட்டினாய். கடைசியில் ரயில் ஒரு வளைவிலும் தடம் புரளாமல் ஓடியது. கிளப்பில் கை தட்டினார்கள். காரியதரிசிக்கு மாலை போட்டார்கள்.

நீ மவுத்தான பிறகு, ரயில் சாஸ்திரம் படித்த விருந்தாளி ஒருவர் கிளப்புக்கு வந்தார். பெட்டியைப் புரட்டிப் பார்த்து, "இது ஒரிஜினல் சக்கரம் இல்லையே" என்றாராம். மறுநாளே காரியதரிசி உன் கடைக்கு வந்துவிட்டார். நான் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தேன். உன் மனைவி பாத்திமாதான் இப்போது கடையில் உட்காருகிறாள்.

"அம்மா, ஒரிஜினல் வீல் எல்லாம் எங்க? கமிட்டி கேக்குது."

"எதுக்குங்க?"

"உங்க வீட்டுக்காரர் சீமைச் சக்கரத்த எடுத்துக்கிட்டு நாட்டுச் சக்கரம் மாட்டிட்டார்னு பேச்சு. நான் சொல்லலம்மா. பேச்சு."

"மாத்தச் சொன்னதே நீங்கதான சார்?" என்றேன்.

"அது வாய் வார்த்தை. கமிட்டி தீர்மானத்துல இல்லையே" என்றார் அவர். அந்த முகத்தில் வெட்கத்துக்கு இடம் ஒதுக்கும் தீர்மானமும் இன்னும் நிறைவேறவில்லை போலும்.

பாத்திமா உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறத் தூள்.

"இந்தாங்க. கிளப்பு சொத்து, தூக்கிப் போடாதேன்னு அவுக சொன்னாக. அப்படியே கெடக்கு. ஒண்ணு கொறையாம எண்ணி எடுத்துக்கங்க. எனக்குச் சோலி கெடக்கு, வெரசா எண்ணுங்க."

அவர் தூளைக் காகிதத்தில் கொட்டிக்கொண்டார். டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அது கிளப்புடையது இல்லையாம்.

மன்னிப்புக் கேட்பார்கள் என்று நினைத்தேன் மச்சான். இந்த வயதிலும் எனக்கு அப்படியெல்லாம் நினைக்கத் தோன்றுகிறது. கமிட்டி கூடி உன் சக்கரங்களைக் கழற்றி, "கிளப்புக்கு உரியதல்ல" என்று பியூனிடம் மூட்டையாக உன் கடைக்கே கொடுத்தனுப்பியது. இப்போது பெட்டிகள் மரக்கட்டைமேல் உட்கார்ந்திருக்கின்றன. எதிரே ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அந்தத் தூள். அதன்மேல் ஒரு பலகை: ஒரிஜினல் சக்கரங்கள். ஜனங்கள் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டிப் போகிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரித்துவிடலாம். ஆனால் போன வாரம் ஒரு அம்மாள் உன் கடையில் ஸ்டவ்வைப் பழுதுபார்க்கக் கொடுத்தாள். படியிறங்கியவள் திரும்பி வந்து, "உள்ள இருக்கறதெல்லாம் அப்படியே இருக்கணும், என்ன?" என்றாள். பாத்திமா சரி என்று சொன்னாள். அப்புறம் வெகுநேரம் அந்த ஸ்டவ்வைத் தொடவில்லை. தூளைக் காகிதத்தில் கொட்டிக்கொண்ட கை, அந்தத் திருட்டுப் பேச்சையும் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கக் கூடாதா?

ஆக, சக்கரமில்லாத வண்டி அவர்களிடம், வண்டியில்லாத சக்கரம் எங்களிடம். அந்த பிஸ்கட் டப்பாவை வெட்டி முதல் பெட்டி செய்ய ஆரம்பித்துவிட்டேன். ஜன்னலில் யாரைத் தீட்டுவது என்று பாத்திமாவிடம் கேட்டேன்.

"ஆளு ஒண்ணும் வேணாம்ணே. பெட்டி மேல ரயில் கம்பெனி பேரு எழுதுவாங்கள்ல, அந்த எடத்துல அவுக பேர எழுதுங்க. பெருசா எழுதுங்க."

எழுதுகிறேன் மச்சான். எஞ்சின் இல்லை. உன் ஊரில் எஞ்சின் எதற்கு? பஜாரே சரிவுதானே. அடுத்த சீசனில், கிளப்புக்குப் போகிறவர்கள் எல்லாரும் கடக்கிற உன் கடை வாசலில், பலகைமேல் தண்டவாளம் போட்டு உன் பெயரை ஓட விடுவேன். இது சத்தியம். கொக்கி எட்டாவிட்டால் பழியை மலைக்காற்றின்மேல் போட்டுவிடுகிறேன்.

பாத்திமாவுக்கு அண்ணன்,
உனக்கு என்றும் மச்சான்,
பழனி முருகேசன்