ஃபேன் சுவிட்சைத் தொடாதீங்க

என்னங்க,

வந்ததும் ஃபேன் போட்டுடாதீங்க. எவ்ளோ புழுங்குனாலும் போடாதீங்க, காத்துல தூசி பறக்கும். மேஜை மேல கவுத்து வச்சிருக்கிற சில்வர் பேசினுக்குள்ள உங்க கேமரா லென்ஸ் இல்லாம தொறந்து கெடக்குது. திரும்ப மாட்டி இன்னும் எதையாவது கெடுத்துடுவேனோன்னு அப்படியே மூடி வச்சிருக்கேன்.

வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுல அந்தத் தூசிக் காத்துல லென்ஸ் மாத்துனது நான்தான். வானம் வர்ற படத்துலல்லாம் கரும்புள்ளி விழுந்தது என்னாலதான். அதுக்காக மூணு நாளா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல நீங்க.

இன்னிக்கு நாலு மணிக்கு உங்களுக்கு முதலியார்பேட்டை நிச்சயதார்த்த ஆர்டர் இருக்கேன்னு நானே சுத்தம் பண்ணப் பாத்தேன். வியூஃபைண்டர்ல கண்ணு வச்சா ஒரு தூசி தெரிஞ்சுது. லென்ஸைக் கழட்டி, உள்ள மேல்பக்கம் இருந்த சின்னக் கண்ணாடியை மூக்குக்கண்ணாடி தொடைக்கிற துணியால அழுத்தித் தேச்சேன். கீறல் விழுந்துடுச்சுங்க.

நெல்லித்தோப்பு கேமரா மெக்கானிக்குக்குப் போன் பண்ணேன். "ஏம்மா, வியூஃபைண்டர்ல தெரியற தூசி படத்துலயே வராது. படத்துல வர்ற புள்ளி உள்ள, படம் பதியற சென்சார்ல இருக்கு. நீ தேச்ச எடமே தப்பு"ன்னார். அவரைக் கையோட கூட்டியாரப் போறேன்.

சோறு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. மத்திக் கொழம்பு அடுப்பு மேல. கோவத்துல பட்டினி கெடக்காதீங்க.

சுகந்தி

பேசினைத் தூக்கிப் பாக்காதீங்க. நான் வந்துடறேன்.

இன்னொண்ணு. அந்தக் கீறலும் எந்தப் படத்துலயும் வராதாம். நீங்க கண்ணு வைக்கும்போது மட்டும் தெரியுமாம். தெரியறப்பல்லாம் என்னைத் திட்டுங்க. ஆனா வாயத் தொறந்து திட்டுங்க.