மஃரிபுக்கு வரும் ரசிகை

2025 ஜூன் 14, சனி

நடந்ததை நடந்தபடியே இதில் எழுதுவேன். எனக்குக் கூடாத பெயர் வந்தாலும் மாற்றி எழுத மாட்டேன். கதைப் புத்தகங்களை வாசித்து வாசித்து நான் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லப் பழகிவிட்டேன் என்கிறார் லைலா சாச்சி. உம்மாவின் தங்கை அவர். உம்மா சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன நாளிலிருந்து மருதமுனையில் எங்களோடுதான் இருக்கிறார்.

நேற்று ‘சாவிப்படை’ வெளியானது. பொம்மைச் சிப்பாய்களை வைத்து எடுத்த சண்டைப் படம். முதுகில் இருக்கும் திறப்பை யாராவது முறுக்கிவிட்டால்தான் அந்தச் சிப்பாய்கள் நடக்கும். (நாங்கள் திறப்பு என்பதை இந்தியாவில் சாவி என்கிறார்கள். படத்தை அங்கேதான் தமிழாக்கினார்கள்.) எங்கள் ஊரில் தியேட்டர் இல்லை. ட்ரெய்லரை மட்டும் பார்த்துவிட்டு, படம் எவ்வளவு வசூலிக்கும் என்று பேஸ்புக் ரசிகர் பக்கத்தில் அடிபடுகிறோம். பத்துக் கோடி டொலர் செலவழித்த படம், இரண்டு மடங்குக்கு மேல் எடுத்தால்தான் வெற்றி என்கிறாள் என் வகுப்பு ஸஹ்றா. பொம்மைகள் விற்ற காசையும் சேர்க்க வேண்டும் என்று நான் எழுதினேன்.

“பொம்ம வித்த காசு கடைக்காரன்ட காசு புள்ள. மாட்ட வித்துப்போட்டு பால்ல லாபம் எண்டு சொல்லுவியா?” என்று எழுதியிருக்கிறாள். எழுபது பேர் சிரித்திருக்கிறார்கள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் உம்மாவிடமிருந்து போன் கோல் வரவில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. “அங்க போன ஆக்கள் அப்பிடித்தான், கொஞ்சம் பொறுங்க” என்று ஏஜென்சிக்காரர் வாப்பாவிடம் சொன்னாராம். வாப்பா நேற்று ஒலுவில் துறைமுகத்திலிருந்து மீண்டும் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 16, திங்கள்

இன்று ஒருவர் என் பக்கம் சேர்ந்திருக்கிறார். பெயர் அரபு எழுத்தில் இருக்கிறது. குர்ஆன் மதரஸாவில் எழுத்துக்கூட்டிப் படித்ததால் எனக்கு அரபு வாசிக்க வரும், பொருள்தான் தெரியாது. நூரா என்று வாசித்தேன். படத்துக்குப் பதில் ஒரு பொம்மைச் சிப்பாய். ஆனால் எழுதியது தமிழில், அதுவும் நாங்கள் கதைக்கும் தமிழில்: “ஓம், பொம்மைக் காசையும் சேர்க்கத்தான் வேணும். நீங்க சொன்னாச் சரி.”

ஸஹ்றாவுக்குச் சரியான கோபம்.

ஜூன் 17, செவ்வாய்

நூரா இன்றும் வந்தார், நேற்று வந்த அதே நேரம். சூரியன் மறையும்போது சொல்லும் மஃரிப் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி.

ஜூன் 19, வியாழன்

கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வாரம் நாலு கோடி டொலர்தான் வந்தது, படம் படுத்துவிட்டது என்று எல்லாரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளிநாடுகளின் கணக்கு இன்னும் வரவில்லை என்று நான் நீளமாக ஒரு பதில் போட்டேன். அதற்குக் கீழே நூரா: “எத்தன கோடி எடுத்தாலும் அவங்களுக்குப் போதாது. பொம்மைக்கு ஓய்வு குடுக்கிறாங்க இல்ல. திறப்பு முறிஞ்சாலும் நடக்கச் சொல்ற.”

நல்ல விமர்சனம் என்று நினைத்தேன். உடனே அடுத்தது வந்தது: “மேக்குப் பக்கத்து ஜன்னலச் சாத்திட்டுப் படிங்க. நுளம்பு கடிக்கும்.”

நான் மேற்குப் பக்க ஜன்னலடியில்தான் இருந்தேன். ஜன்னல் திறந்துதான் கிடந்தது. வெளியே பார்த்தேன். மதிலும், உப்புக் காற்றில் ஆடும் கொடிக்கயிறும் மட்டும்தான். யாரும் இல்லை.

ஜூன் 20, வெள்ளி

“நீங்க யார்?” என்று கேட்டேன்.

“படம் பாக்கிற ஆள். சளி மாறிச்சா? துணியச் சுத்திக்கிட்டு படுங்க.”

சளி பிடித்ததை நான் எங்கேயும் எழுதவில்லை. ஒவ்வொரு ஆனியிலும் எனக்குச் சளி பிடிக்கும், அது இந்த வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். போனைக் கீழே போட்டுவிட்டேன். சாச்சி ஓடி வந்து எல்லாவற்றையும் வாசித்தார். அவருடைய முகம் வெளுத்ததை நான் கூட்டிச் சொல்லவில்லை.

“எத்தின மணிக்கு வாற இது?”

“மஃரிபுக்கு.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓம் சாச்சி.”

“மஃரிபு நேரத்தில வாற சாமான் நல்ல சாமான் இல்ல புள்ள. பேரும் அரபுல, கதையும் நம்மட கதை. மனிசனுக்கு எப்பிடித் தெரியும் நம்மட ஜன்னல?”

ஜின் என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னால் அது திரும்பிப் பார்க்குமாம்.

ஜூன் 21, சனி

ஆலிம் தண்ணீர் ஓதித் தந்தார். குடித்தேன். சாச்சி என் விரலைப் பிடித்து நூராவை புளொக் பண்ண வைத்தார்.

ஜூன் 22, ஞாயிறு

மஃரிப். ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரியும். பிறகு ஏன் பார்த்துக்கொண்டே இருந்தேன்?

ஜூன் 25, புதன்

இடைவேளையில் ஸஹ்றாவும் நானும் நேருக்கு நேர் விவாதம். வகுப்பு முழுவதும் சுற்றி நின்றது. முதல் நாளிலேயே அரபு நாடுகளில் படம் விழுந்துவிட்டது என்று நானே ஒத்துக்கொண்டேன். அவளோ வென்றும் விடுவதாக இல்லை, அதிலும் பிழை பிடித்தாள்.

“ஒனக்குக் கணக்கும் தெரியா, பூமிசாஸ்திரமும் தெரியா. முதல் நாள் பின்னேரம் எடுத்த கணக்கு அது. நமக்கு மஃரிபு எண்டா சவூதியில இன்னும் வெயில் சாயல்ல. சாப்பிட்டுப் படுத்த ஆக்கள் எழும்பவும் இல்ல. மறுகா எப்பிடிப் படம் பாக்கப் போற?”

எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சாப்பிட்டுப் படுத்தவர்கள் எழும்பாத நேரம். வீடே தூங்கும் நேரம். வேலைக்காரி மட்டும் விழித்திருக்கும் நேரம். அந்த வீட்டுப் பிள்ளை நூராவின் டெப்லட் கட்டிலில் கிடக்கும் நேரம்.

ஏப்ரலில் வந்த கடைசிக் கோலில், இந்தப் பக்கத்தில் நான் எழுதுகிறேன் என்று உம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். பக்கத்தின் பெயரை இரண்டு முறை கேட்டு வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு ஓடினேன். சாச்சியிடம் சொன்னதும் அவர் அடுப்படியிலேயே குந்திவிட்டார். “அப்ப ஏன்கா உம்மா எண்டு சொல்லல்ல?” அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கலாம். ஒரு தட்டுத் தட்டினால் அந்த வீட்டுக்காரிக்கு அது அரபாக மாறிவிடும். உம்மா என்ற சொல்லுக்கு மாற்றவே தேவையில்லை, அங்கேயும் அதே சொல்தான்.

புளொக்கை எடுத்துவிட்டேன். “ஜன்னலச் சாத்திட்டேன், சளி மாறிட்டு” என்று எழுதினேன்.

பாங்கு சொன்னது. ஒன்றும் வரவில்லை.

ஜூன் 26, வியாழன்

இல்லை.

ஜூன் 28, சனி

நூரா எழுதினார், இரவுச் சாப்பாட்டு நேரத்தில். முழுக்க அரபில். ஒவ்வொரு எழுத்தாக உரத்து வாசித்தேன். ஓதுகிறேன் என்று நினைத்து சாச்சி தலையை மூடிக்கொண்டார். பிறகு போனில் தமிழாக்கினேன்:

“என் பெயரில் எழுதியது யார்? இது எனக்குத் தெரியாத எழுத்து. நான் தூங்கும்போது எழுதப்பட்டிருக்கிறது. நீ ஜின்னா?”

யா அல்லாஹ். அங்கே ஒரு பிள்ளை எங்களை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறது.

உண்மையைச் சொன்னால் உம்மாவுக்கு என்ன நடக்கும்? இங்கே பொய் எழுத மாட்டேன் என்றுதான் எழுதிவைத்தேன். அங்கே எழுதலாம்தானே? “பேஸ்புக்கில் ஏதோ பிழை. நானும் சாவிப்படை ரசிகை. உங்களிடம் எத்தனை சிப்பாய்கள்? படம் போடுங்கள்” என்று அரபாக்கி அனுப்பினேன்.

ஜூன் 29, ஞாயிறு

படம் வந்துவிட்டது. அலுமாரித் தட்டில் படை முழுவதும் வரிசையாக நிற்கிறது. பக்கத்து ஜன்னலால் தெருவில் ஒரு மருந்துக் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது. கடைப் பெயரையும் தெருப் பெயரையும் எழுத்துக்கூட்டி வாசித்து எழுதிக்கொண்டேன்.

அலுமாரிக் கண்ணாடியில் ஒரு நிழல். சிப்பாய்களுக்குப் பின்னால், கதவடியில், ஒரு பெண் நிற்கிறாள். முகம் தெரியவில்லை.

“என்ட ராத்தா,” என்று தன் அக்காவை அடையாளம் சொன்னார் சாச்சி. “பாரு, முந்தானைய கழுத்தச் சுத்தி ரெண்டு சுத்துப் போட்டிருக்கிற. அவ மட்டுந்தான் அப்பிடிப் போடுவா.” போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுதார்.

ஜூலை 3, வியாழன்

வாப்பா கரைக்கு வந்தார். உடம்பெல்லாம் மீன் மணக்க, படத்தையும் தெருப் பெயரையும் எடுத்துக்கொண்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்குப் போனார். ‘ஒரு கண்ணாடி நிழலை வைத்து என்ன செய்ய?’ என்று முதலில் கேட்டார்களாம். வாப்பா கதிரையை விட்டு எழும்பவில்லை. பின்னேரம் தூதரகத்துக்கு அறிவித்திருக்கிறார்கள்.

ஜூலை 8, செவ்வாய்

படம் கடைசியில் இருபத்திரண்டு கோடி எடுத்ததாம். நீ வென்றுவிட்டாய் என்று ஸஹ்றா ஒரு சொக்லெட் தந்தாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 11, வெள்ளி

அசர் தொழுகைக்குப் பிறகு தெரியாத இலக்கத்தில் இருந்து கோல். முதலில் சத்தம் இல்லை. பிறகு ஒரு இருமல்.

“மகள்.”

உம்மாதான். தூதரகத்தின் காப்பகத்தில் இருக்கிறார். நேற்று வந்து கூட்டிப் போனார்களாம். பதினாறு பேருக்கு ஒரு போன், ஆளுக்குக் கொஞ்ச நேரம். வாப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

“நீங்க அதுல காணாமப் போன அண்டைக்கு டெப்ப வச்சிக்கிட்டுத் தேடித் தேடி இரிந்தன், மகள். வீட்டுக்கார மேடம் எழும்பினதே தெரியா. வந்து கண்டுட்டா, புள்ளைக்கு மட்டும் சொல்லல்ல. அதுக்குப் பிறகு வேலை நேரம் போக, சமைக்கிற குசினிக்குள்ள போட்டுப் பூட்டித்தான் வச்ச.”

சாச்சி என் விரலைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். “மன்னிச்சிக்கங்க ராத்தா” என்று மட்டும் சொன்னார்.

“அந்தப் படத்தில ஒங்களக் கண்டுதான் வாப்பா போனார்,” என்றேன். “அலுமாரிக் கண்ணாடியில நிண்டீங்க.”

“எந்தப் படம்?”

சொன்னேன்.

“நானில்லையே மகள். டெப்பக் கண்ட நாளிலிருந்து புள்ளட அறைக்கு என்ன விடவே இல்ல. மேல் மாடிக்கே போகல்ல.”

“வேற வேலைக்காரி?”

“நான் மட்டுந்தான்.”

நேரம் முடிந்துவிட்டது. அடுத்த மாதம் வருவார், டிக்கட்டுக்கு எழுதியாயிற்று.

படத்தை இப்போது மீண்டும் எடுத்துப் பார்த்தோம். கழுத்தைச் சுற்றி இரண்டு சுற்று முந்தானை. கதவடியில் அப்படியே நிற்கிறாள். சாச்சி வெகுநேரம் பார்த்தார். “அப்ப இது ஜி...” என்று நான் தொடங்கியதும் போனை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்தார். எழும்பிப் போய் லைட்டை அணைத்துவிட்டார்.