மலைக்கு முதுகு காட்டி

பைல் நாடு, கொல்லிமலை
தாரண வருடம், மாசி மாதம்

பூனா மிலிட்டரி ஆஸ்பத்திரியில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, பொன்னம்மாள் வணங்கி எழுதிக்கொண்டது. நானும் பிள்ளைகள் மூவரும் சுகம். மாடுகள் சுகம். தாங்களும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இதைத் தங்களுக்கு வாசித்துக் காட்டும் கிளார்க் ஐயாவுக்கும் வணக்கம். ஐயா, என் எழுத்து மிஷன் பள்ளிக்கூடத்தோடு நின்ற எழுத்து. பொறுத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஓரிடத்தில் பக்கக் கோடு போட்டிருக்கிறேன். அதை மட்டும் இரண்டு தடவை வாசியுங்கள்.

தங்கள் கடிதம் வந்தது. அசாமில் தங்கள் வலது கால் போன சேதி தீபாவளிக்கே வந்துவிட்டது, அதற்கு அழுதும் முடித்துவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு அழவில்லை. கோபம்தான் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் வாட்ச்மேன் வேலை தருகிறார்கள், பங்குனி பிறப்பதற்குள் சம்மதம் சொல்ல வேண்டும், நான் டோலி தூக்கின ஆள், டோலியில் படுத்துக்கொண்டு ஊருக்கு வர மாட்டேன், இனி மலைக்கு நான் இல்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. தாங்கள் போன பிறகு பிறந்த சின்னவள் பேரைக்கூடக் கேட்கவில்லை.

இதற்குப் பதில் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். முதலில் பயணம். நாங்கள் ஒரு பயணம் போய் வந்தோம்! அதைச் சொல்லாமல் என்னால் வேறு எதையும் எழுத முடியாது.

போட்டோ எடுக்கப் போனோம். நாமக்கல் வரைக்கும்.

தங்கள் கடிதத்தை மடித்துக் கூரையில் செருகினபோதுதான் தோன்றியது. இவர் பிள்ளைகளை மறந்துவிட்டார். மறந்துவிட்டார் என்பது தப்பு. இவர் நினைவில் இருக்கும் பிள்ளைகள் இப்போது இல்லை. ராசுவுக்குத் தங்கள் நினைவில் உயரம் என்ன? என் இடுப்பு. இப்போது என் காது. போன ஆடியில் ஏர் பிடித்தான். முதல் சால் கோணல், மாடு திரும்பிப் பார்த்தது, சிரித்தது என்றே சொல்வேன். இரண்டாவது சால் நேர். அத்தாயிக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. கூரைமேல் எறிந்துவிட்டு, முளைத்ததா முளைத்ததா என்று விடிந்ததும் நாக்கால் தடவிப் பார்க்கிறாள். சின்னவள் நடந்தது சாமைக் கொல்லையில். எல்லோரும் குனிந்து அறுத்துக்கொண்டிருந்தோம். யாரும் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது நின்றுகொண்டிருந்தாள், ரொம்ப நாளாக நிற்கிறவளைப் போல.

பக்கத்திலேயே இருக்கும் எனக்கு இவர்கள் வளர்வது தெரிவதில்லை. தங்களுக்கு எழுத உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

மிளகு முதல் பறிப்பு முடிந்தது. மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு இருட்டு விலகும் முன்பே இறங்கினோம். அடிவாரத்தில் காரவள்ளியிலிருந்து மாட்டு வண்டி. சேந்தமங்கலத்தில் அமீர் பாஷா கடை. மிளகு வாங்கும் அதே பாஷாதான். முடி நரைத்திருக்கிறது, குரல் நரைக்கவில்லை. தங்களைப் பற்றிக் கேட்டார். நான் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். தராசைக் கீழே வைத்தார். பிறகு உள்ளே இருந்த வீட்டம்மாளைப் பார்த்து, ரோஷன், மலையிலிருந்து பட்டாளம் வந்திருக்குது, சேமியா வை என்று கத்தினார். அந்தம்மாள் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாயசம் கொடுத்தார்கள். அத்தாயி பல் இல்லாமல் குடித்த அழகைச் சொல்லி முடியாது. பாதி பாவாடையில்.

பிறகு பஸ்.

பஸ்ஸை எப்படி எழுதுவது? தங்களுக்குத் தெரிந்த பஸ் இல்லை இது. சண்டை வந்த பிறகு பெட்ரோல் கிடையாதாம். கரியில் ஓடுகிறது. பின்பக்கம் பெரிய இரும்புப் பீப்பாய், அடியில் நெருப்பு, கண்டக்டர் ஒரு கைப்பிடியைப் பிடித்துச் சுற்று சுற்று என்று சுற்றுகிறார். அத்தாயி கேட்டாள், ஏம்மா, பஸ்ஸுக்குள்ளே சோறு ஆக்கறாங்களா என்று. பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் மட்டும், ஆமா கண்ணு, வெந்ததும் உனக்கொரு உருண்டை என்றார். அவர் முகம் முழுக்கக் கரி.

கிளம்பியது. சின்னவள் என் கழுத்தைப் பிடித்தவள் விடவில்லை. ராசு ஜன்னலில். மரங்கள் ஓடுவதைப் பார்த்து அவன் ஒன்றும் பேசவில்லை. அவன் பேசாமலிருந்தால் சந்தோஷம் என்று அர்த்தம். அது தங்களிடமிருந்து வந்தது.

ஒரு மேட்டில் பஸ் நின்றுவிட்டது. மூச்சு வாங்கியது. எல்லோரும் இறங்குங்க, தள்ளுங்க என்றார்கள். இறங்கினோம். வேட்டி கட்டினவர், தொப்பி போட்டவர், நான், பிள்ளைகள், எல்லோரும் கை வைத்தோம். தள்ளினோம். என்ன ஆனந்தம் தெரியுமா! இத்தனை பெரிய இரும்பு நம் கைக்கு அசைகிறது. மேடு ஏறியதும் அது தானாக ஓடியது. நாங்கள் பின்னாலேயே ஓடிப் போய் ஏறிக்கொண்டோம். யாரும் அந்தப் பஸ்ஸைக் கேவலமாகப் பார்க்கவில்லை.

நாமக்கல்லில் போட்டோக் கடை. கோட்டைக்குப் பக்கத்துச் சந்தில். ஒரு திரைச்சீலையில் மாடிப்படியும் மோட்டாரும் வரைந்திருந்தது. யார் குடும்பம், பேர் சொல்லுங்க, எழுதிக்கணும் என்றார். நான் தங்கள் பேரை எப்படிச் சொல்வேன்? உறையில் எழுதுவேன், வாயால் சொன்னதில்லை. பிள்ளைகளைப் பார்த்தேன். ராசுவுக்கு வெட்கம். அத்தாயி பல்லில்லாத வாயால் அர்த்தனாரி என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். பாதி எழுத்து காற்றாகப் போய்விட்டது. போட்டோக்காரர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி கத்தினாள். இன்னும் பலமாக. தங்கள் பேரை நம் வீட்டில் யாரும் உரக்கச் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது.

அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, அசையாதீங்க என்றார். மூவர் அசையவில்லை. சின்னவள் அசைந்தாள். துணிக்குள் போனவர் எங்கே என்று எட்டிப் பார்த்தாள். கழுவிக் காட்டிய படத்தில் நாங்கள் மூவரும் தெளிவு. அவள் முகம் மட்டும் கலங்கி, புகை மாதிரி. இன்னொன்று எடுக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே அப்போது தெரியவில்லை. இப்போது தெரிகிறது.

சேந்தமங்கலத்துக்குத் திரும்பி வந்தோம். பாஷா வீட்டில் தங்கினோம். விடிந்ததும் மலை ஏற வேண்டும்.

புறப்படும்போது பாஷா சொன்னார். ஏம்மா பொன்னம்மா, நேத்து நீங்க பஸ்ஸைத் தள்ளினீங்களாமே, அவனுக்கு எழுது, கரி பஸ்ஸுக்கு இல்லாத ரோஷம் அவனுக்கு எதுக்குன்னு பாஷா கேட்டான்னு எழுது. எழுதிவிட்டேன். ஆனால் அது பதில் இல்லை. தங்களை எனக்குத் தெரியும். துரைமார்களை டோலியில் வைத்துத் தூக்கிவிட்டு வந்து, தோளில் எண்ணெய் தேய்க்கும்போது சொல்வீர்கள், மேலே படுத்திருப்பவன் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் கனம் கூடும் என்று. தங்கள் முகத்தைத் தங்கள் கூட்டாளி செல்லமுத்து அப்படிப் பார்க்காமல் தூக்குவதைத் தங்களால் தாங்க முடியாது. அது எனக்குப் புரிகிறது. கோபம் வந்தாலும் புரிகிறது.

ஐயா, கோடு இங்கே. மெதுவாக வாசியுங்கள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் நிறுத்துங்கள். திரும்பியதும் வாசியுங்கள்.

பாதி மலை ஏறியிருப்போம். கல் படி தொடங்கும் இடம். சின்னவளை இடுப்பில் வைத்திருந்தேன். திமிறி இறங்கினாள். நடக்க மாட்டேன், தூக்கவும் கூடாது என்றாள். கீழே ரோடு தெரிகிறது, வெயிலில் நூல் மாதிரி. அதன்மேல் ஒரு புழுதி நகர்கிறது. பஸ். அவள் அதையே பார்த்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்தாள். நான் அதட்டினேன். எழுந்திருக்கவில்லை. பின்னாலிருந்த கல்லில் இரண்டு கையையும் ஊன்றினாள். ஒரு உந்து. மேல் கல்லில் உட்கார்ந்தாள். மறுபடி ஊன்றினாள். மறுபடி மேலே. மலைக்கு முதுகு காட்டி, ரோட்டைப் பார்த்தபடி, உட்கார்ந்தே ஏறுகிறாள்!

என்னடி பண்ணுறே என்றேன். அப்பன் பஸ்ஸுல வரும், திரும்பிக்கிட்டா எப்புடித் தெரியும் என்றாள்.

அப்பன் பஸ்ஸில் வரும் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். தங்கள் கடிதம் வருவதற்கு முன்பு.

அத்தாயியும் உட்கார்ந்தாள். ராசுவும் உட்கார்ந்தான். மூவரும் வரிசையாக, சிரிப்பும் கூச்சலுமாக. நான் மூட்டை முடிச்சோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் கால்களைப் பார்த்தேன். கைதான் வேலை செய்கிறது. ஒரு கால் உந்துகிறது. இன்னொரு கால் சும்மா வருகிறது.

மூட்டையைக் கீழே போட்டேன்.

சேலைத் தலைப்பால் வலது காலை மடித்துக் கட்டினேன். உட்கார்ந்தேன். கையை ஊன்றினேன். ஏறினேன். இன்னொரு கல். இன்னொன்று. ஏற முடிகிறது! முடிகிறது! நான் கத்திவிட்டேன். மேலிருந்து பலாக்காய்ச் சுமையோடு இறங்கி வந்த செல்லமுத்து பயந்துபோய், ஏந்தாயி, பேய் கீய் புடிச்சிருச்சா, காலை எதுக்குக் கட்டியிருக்கறே என்றான். சொன்னேன். அவன் சிரிக்கத் தொடங்கி நடுவில் நிறுத்திவிட்டான். சுமையை இறக்கினான். தங்களோடு டோலிக்குத் தோள் கொடுத்த ஆள், என் முன்னால், துண்டால் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து ஏறினான்.

அவன் சொன்னது. உள்ளங்கைக்குத் துணி சுற்ற வேண்டும். உட்காரும் இடத்துக்குப் பாக்கு மட்டை கட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தோல் போய்விடும். எனக்குப் போயிற்று. யானைப் பாறைத் திருப்பத்தில் கல் வழவழப்பு, தண்ணீர் கசிகிறது, அங்கே உட்கார்ந்து ஏற முடியாது. அவனும் வழுக்கினான், நானும் வழுக்கினேன். அங்கே மரத்தில் கயிறு கட்டலாம் என்கிறான். இழுத்துக்கொண்டு ஏறலாம். யாரும் தூக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் முடியாது. நடுவில் சுனைக்குப் பக்கத்தில் படுத்து, மறுநாள் மீதி. போகட்டுமே. என்ன அவசரம்?

கோடு முடிந்தது. ஐயா, இன்னொரு தடவை.

இப்போது என் பதில். தாங்கள் டோலியில் வர வேண்டாம். நான் கேட்கவும் மாட்டேன். சம்மதக் காகிதத்தில் கைநாட்டு வைக்காதீர்கள். பஸ்ஸில் சேந்தமங்கலம் வாருங்கள். வழியில் பஸ் நின்றால் தாங்கள் இறங்க வேண்டாம், மற்றவர்கள் தள்ளட்டும். பாஷா கடையில் நாங்கள் இருப்போம். காரவள்ளியிலிருந்து ஐந்து பேரும் மலைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ஏறுவோம். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இவர்கள் ஊரில் இதுதான் வழக்கம் போல என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அசாமில் மலைமேல் ரோடு போட்டீர்கள். ராசு கேட்கிறான், அந்த ரோட்டை இங்க போட்டிருந்தா அப்பன் வண்டியிலேயே வீட்டு வாசலுக்கு வந்திருக்குமே என்று. அவனுக்கு என்ன சொல்வது? வந்து தாங்களே சொல்லுங்கள்.

எனக்கு ஒரு பயம் மட்டும் உண்டு. மறைக்க மாட்டேன். மேலே வந்த பிறகு என்ன என்று கேட்பீர்கள். கொல்லையில் ஏர் பிடிக்க முடியாது. மிளகுக் கொடிக்கு ஏணி ஏற முடியாது. தெரியும். எனக்கும் பதில் தெரியவில்லை. மலை ஏறுவதற்கும் போன வாரம் வரை தெரியவில்லை.

பிள்ளைகள் இப்போது தூங்குகிறார்கள். சின்னவள் கையில் ஒரு கரித்துண்டு. கண்டக்டர் கொடுத்தது. பிடுங்கினால் அழுகிறாள்.

அறப்பளீசுவரர் தங்களை வைத்துக் காப்பாற்றட்டும். கைகள் இரண்டும் பலமாக இருக்கட்டும். அதையே வேண்டிக்கொண்டிருக்கிறேன், கைகளுக்காக.

ஐயா, வாசித்து முடித்ததும் உள்ளே இருக்கும் போட்டோவை அவர் கையில் கொடுங்கள். நிற்கிறவன் ராசு. வாயை மூடிக்கொண்டிருப்பவள் அத்தாயி. புகை மாதிரி இருப்பவள் சின்னவள். பேர் பெருமாயி. அவள் முகம் எப்படி என்று அவர் கேட்பார். நான் எழுத மாட்டேன் என்று சொல்லுங்கள். அவள் ரோட்டைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே வந்தால் தெரியும்.

இப்படிக்கு,
தங்கள் வருகைக்குக் கயிறு திரிக்கச் சொல்லியிருக்கும்
பொன்னம்மாள்