கதவில்லாத வயல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். முட்டிவலி தேவலையா? நான் நலம்.

நம் வயலில் மருந்தடிப்பதை நிறுத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். இங்கே மருந்தே கிடையாது. அசுவினிப் பூச்சியைத் தின்ன வண்டுகளை வாங்கி விடுகிறோம். அவை பறந்துவிடாமலிருக்க, பயிர் வளரும் கண்ணாடிக் கூடத்துக்கு இரட்டைக் கதவு. ஒன்றை மூடினால்தான் மற்றது திறக்கும். நேற்று இரண்டுமே திறக்கவில்லை. நடுவில் நானும் வண்டுப் பெட்டியும் மூன்று மணி நேரம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கதவைத் திறந்த மேஸ்திரி, "வண்டெல்லாம் உசிரோட இருக்கா?" என்றார். "இருக்குங்க" என்றேன்.

என் பாஸ்போர்ட்டும் அவர் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. ஒப்பந்தம் முடிய இன்னும் பத்தொன்பது மாதம்தான்.

அடுத்த முறை வயலில் நின்று போன் செய்யுங்கள். பேசாவிட்டாலும் பரவாயில்லை, காற்றுச் சத்தம் போதும்.

மணி அடித்துவிட்டது. மருந்தைத் தாராளமாக நிறுத்துங்கள். முதலில் விளைச்சல் குறையும், மனம் தளராதீர்கள். வண்டு வாங்க வேண்டாம், தானே வரும். நம் வயலுக்குத்தான் கதவில்லையே.

உங்கள் மகன்