ஹேவீஸ் குளத்து அல்லியும் என் வாய்த்துடுக்கும்

சொன்னதை யாருமே நம்பாத என் பெரியண்ணாவுக்கு,

போய்விட்டு வந்துவிட்டோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் "விஷயத்துக்கு வா" என்று அங்கிருந்தே கத்துவீர்கள். நானும் இவரும் வியன்னாவில் ஒரு கேம்பர்வானை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மூன்று கிழமை, நீங்கள் படித்த ஹங்கேரியில் குளம் குளமாகத் திரிந்தோம். வான் ஓட்டியது இவர். வழி காட்டியது நான். அதனால் எத்தனை தரம் வழி தவறினோம் என்று நீங்கள் கேட்கக்கூடாது.

இதையெல்லாம் உங்கள் படத்துக்கு முன்னால் நின்று தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் உங்களைப் பழித்தது நாலு பேருக்கு முன்னால். ஆகவே இதுவும் நாலு பேர் பார்க்கத்தான் வேண்டும். ஆக்லாந்துத் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலரில் போடக் கொடுக்கிறேன். அன்றைக்குப் பாபடோயிட்டோயில், சின்னண்ணா வீட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும்.

அவர்களில் பாதிப் பேருக்கு முன்கதை தெரியாது. எழுபதுகளில் நீங்கள் ஸ்கொலர்ஷிப்பில் நீர்ப்பாசனம் படிக்கப் போயிருந்தபோது யாழ்ப்பாணத்தில் அப்பா மோசம்போனார். தந்தி உங்கள் கைக்கு வந்தபோது பதினொரு நாள் ஆகியிருந்தது. மூத்த மகன் உயிரோடு இருக்க, இளையவர் சின்னண்ணா கொள்ளி வைத்தார். பிறகு உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. முப்பத்தோராம் நாள் மொட்டை அடித்து, சோறு பொங்கி, ஒரு குளத்தில் இறங்கி நின்று அப்பாவின் அந்தியேட்டிக் கிரியையைத் தனியாகச் செய்தேன் என்று எழுதியிருந்தீர்கள். எள்ளு கிடைக்காமல் அதே மாதிரிக் கறுப்பான வேறொரு விதையை வைத்தீர்களாம். கரையெல்லாம் பனியாம். உங்களைச் சுற்றித் தண்ணீரில் செவ்வல்லி பூத்துக் கிடந்ததாம்.

கடிதத்தை நான்தான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த அல்லி வரியில் அம்மா கையை உயர்த்தி நிறுத்தினா.

"பனி கொட்டுற இடத்திலை அல்லி பூக்குமாம். பொய் சொல்லுறதுக்கும் ஒரு அளவு வேணும். தேப்பனுக்கு ஒண்டும் செய்யேல்லை, இருந்து கதை எழுதுறான்."

அவ்வளவுதான். ஒரு பூவால் முழுக் கடிதமும் பொய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு அப்பாவின் திவசத்தில் கிரியை செய்ய உங்களை அம்மா இருக்கவிடவே இல்லை. எல்லாரும் ஆக்லாந்துக்கு வந்து சேர்ந்த பிறகும் சின்னண்ணாதான் செய்தார். நீங்கள் வாழையிலை வாங்கி வருவீர்கள், கதிரை அடுக்குவீர்கள், ஐயரைக் காரில் ஏற்றி இறக்குவீர்கள்.

போன வருஷம் மட்டும் வாய் திறந்து கேட்டீர்கள். "இந்தமுறை நான் இருக்கட்டோ அம்மா?" அம்மா பதில் சொல்லுமுன் நான் முந்திக்கொண்டேன். "அல்லி பூத்த கதையை முதல் ஐயருக்கும் சொல்லிப்போட்டு இருங்கோவன் அண்ணா" என்றேன். வீடே சிரித்தது. எல்லாரையும்விடக் கூடச் சிரித்தது நீங்கள்தான். "சரி, ஒருக்கா என்னோடை வாங்கோ. வான் எடுத்துக்கொண்டு போவம், காட்டுறன்" என்றீர்கள். அதிலிருந்து ஐந்தாம் மாதம், எங்கள் த்ரீ கிங்ஸ் வீட்டில் நீங்கள் தங்கியிருந்த பின்னறையில், நித்திரையிலேயே போய்விட்டீர்கள். காட்டுவதற்கு ஆள் இல்லை, அதனால் நாங்களே பார்க்கப் போனோம்.

உங்கள் மைத்துனர் வலப்பக்கத் தெருவில் ஓட்டிப் பழக இரண்டு நாள் பிடித்தது. ஒவ்வொரு சந்தியிலும் நான் "வலப்பக்கம், வலப்பக்கம்" என்று கத்தவேண்டும். அவர் திரும்பக் கத்துவார். திருச்சிக்காரருக்கு யாழ்ப்பாணத்து மனைவி சொல்லும் வழி எப்போது காதில் ஏறியது? மூன்றாம் நாள் ஹேவீஸ் என்று பலகை வந்தது. உங்கள் குளம் அதுதான். "நேரே போங்கோ" என்றேன்.

"மாலா, அதுதானே மச்சான் சொன்ன ஊரு? இங்கதான் திரும்பணும்."

"பிறகு வருவம். முதல் மற்றக் குளங்களைப் பாப்பம்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே ஓட்டினார். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அப்போது எனக்கே விளங்கவில்லை. பூ இல்லாவிட்டால் நீங்கள் பொய்யர். இருந்தால் நான் பாவி. இரண்டில் எதைக் காண நான் இவ்வளவு தூரம் வந்தேன் அண்ணா?

ஆகவே சுற்றினோம். வெலென்ட்சே குளக்கரையில் வானை நிறுத்தி, காஸ் அடுப்பில் புட்டு அவித்தேன். ஓம், புட்டுக்குழலை நியூசிலாந்திலிருந்து சட்டைகளுக்குள் சுற்றிக் கொண்டுபோனேன், சிரிக்கவேண்டாம். பக்கத்து வானில் இருந்த ஒரு கிழவர் குழலில் ஆவி பறப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு சின்னக் கிளாசைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்து நின்றார். நாங்கள் வீட்டுச் சாராயம் காய்ச்சுகிறோம் என்று நினைத்துவிட்டார், பாவம். இவர் அந்தக் கிளாசுக்குள்ளேயே ஒரு துண்டுப் புட்டை வைத்துக் கொடுத்தார். கிழவர் அதை மோந்து பார்த்து, கடித்து, கொஞ்சம் யோசித்து, தன்னுடைய போத்தலை எடுத்துவந்து எங்களுக்கு ஊற்றினார்.

அங்கே வீட்டுச் சுவர்களில் செத்தல் மிளகாயை மாலை மாலையாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மீன் சொதியைச் சிவக்கச் சிவக்க வைக்கிறார்கள். நீங்கள் சொன்னபோது "அவங்கள் வெள்ளைக்காரர், உறைப்புத் தின்னமாட்டினம்" என்று நான் அடித்துச் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? நான் அப்போது பரந்தனைத் தாண்டி எங்கும் போனதில்லை. ஆனால் உலகத்தில் யார் என்ன தின்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

பலட்டன் குளம் கடல்போலத் தெரிந்தது. "அதற்குள் அரை மைல் நடந்தேன், இடுப்புக்கு மேலே தண்ணி ஏறவில்லை" என்று நீங்கள் சொன்னதை நாங்கள் எவ்வளவு காலம் சொல்லிச் சிரித்திருக்கிறோம். தெற்குக் கரையில் இவர் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். ஐப்பசிக் குளிர். நடந்தார், நடந்தார், ஆள் சின்னதாகிப் போனார். பிறகு திரும்பிக் கையை வீசினார்.

"மாலா! இன்னும் முழங்கால்தான்! மச்சான் உண்மையத்தான் சொல்லியிருக்காரு!"

நான் கரையில் கைகட்டி நின்றேன். எனக்குச் சந்தோஷம் வரவில்லை.

அடுத்த நாள் ஒரு சந்தையில் சாக்குச் சாக்காகக் கறுப்பு விதை. எள்ளு என்றே நினைத்துக் கையில் அள்ளினேன். இவர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "எள்ளு இல்ல மாலா, கசகசா. நம்ம ஊர்ல வெள்ளையா இருக்கும், இது கறுப்பு." அந்த விதையைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. விற்கிற பெண் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு எள்ளு தேடி நீங்களும் இப்படி ஒரு கடையில் நின்றீர்களா? அந்த மொழியில் எள்ளை எப்படிக் கேட்டீர்கள்? இருபத்திரண்டு வயதுப் பெடியன், தகப்பனின் காரியத்துக்கு எது சரி, எது பிழை என்று கேட்க ஒரு ஆள் இல்லாமல் எப்படி முடிவெடுத்தீர்கள்?

"இப்ப திரும்பலாமா?" என்று இவர் கேட்டார். "ஓம்" என்றேன்.

ஹேவீஸுக்குக் காலை ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் குளமே தெரியவில்லை. ஆவிதான் தெரிந்தது. நிலத்துக்கடியிலிருந்து சுடுநீர் ஊறுகிற குளம் என்று நீங்கள் கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கக்கூடாதா? அந்த ஒரு வரி இருந்திருந்தால் அம்மா நம்பியிருப்பா. அல்லது எழுதியிருந்தீர்களோ? அல்லி வரியோடு அம்மா என்னை நிறுத்தினாவே, அதற்குப் பிறகு அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது? மிச்சத்தை நான் வாசிக்கவே இல்லை. பிறகு சண்டையில் வீடும் போய், அலுமாரியும் போய், கடிதமும் போய்விட்டது.

ஆவி கொஞ்சம் விலகியது. பூத்திருந்தது அண்ணா. ஒன்றிரண்டு அல்ல, கரையோரமாக முழுக்க. அதே செவ்வல்லி.

குளத்து வாசலில் நுழைவு ரிக்கற் கிழிக்கிற மனுசியிடம் பூவைக் காட்டிக் கேட்டேன். அவ இவரின் முகத்தைப் பார்த்துவிட்டு "இந்தியா, இந்தியா" என்றா. வாசல் பலகையில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது, நூறு வருஷத்துக்கு முந்தியே இந்தியாவிலிருந்து கொண்டுவந்து நட்டதாம். இவருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, எங்க ஊர்ப் பூ! நமக்கு முன்னாடியே வந்து, விசா இல்லாம செட்டில் ஆயிருச்சு" என்றார். நான் கையால் பனி விழுவதுபோலக் காட்டினேன். அந்த மனுசி தானும் விரல்களை ஆட்டிப் பனி விழுத்தி, பூவைக் காட்டி, தலையாட்டினா. முதல் பனிக்கும் நிற்குமாம்.

உங்களை நினைவிருக்கிற ஒருவரையும் நாங்கள் காணவில்லை. மொட்டைத் தலையோடு ஒரு கறுத்தப் பெடியன் குளத்தில் நின்றதற்கு எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. பூ மட்டும்தான். ஆனால் உங்களைப் பொய்யராக்கியதும் பூ மட்டும்தானே?

நானும் படியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நின்றேன். உடம்பு சூட்டில், தலை குளிரில். அங்கேயே அழுதேன். நாலைந்து பேர் ரப்பர் வளையத்தில் மிதந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள், பார்க்கட்டும். பிழை என்னுடையது அண்ணா. அம்மா கோபத்தில் சொன்னா, துக்கத்தில் சொன்னா. நான் வாய்க்கொழுப்பில் சொன்னேன். ஒருதரம் அப்பாவின் முன்னால் தர்ப்பை போட்டு இருக்க ஆசைப்பட்ட உங்களை நாலு பேர் சிரிக்க எழுப்பிவிட்டேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூட நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எனக்குப் புத்தி வந்திருக்கிறது.

வந்த அடுத்த ஞாயிறு பாபடோயிட்டோய்க்குப் போனோம். கழுவிய படங்களை அம்மாவின் மடியில் வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டு, பூப்படத்தை யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தா. இவர் "அத்தை, மச்சான் சொன்னது அத்தனையும் உண்மை" என்று தொடங்கினார். நான் அவருடைய கையை அமத்தினேன்.

"தண்ணி சூடோ?" என்று அம்மா கேட்டா.

"ஓம் அம்மா. பனி கொட்டினாலும் சூடுதான். அதுதான் பூக்குது."

அம்மா படத்தைக் கீழே வைக்கவில்லை. அழவுமில்லை. இவ்வளவு காலம் பிடித்த பிடியை ஒரு படத்துக்காக விடுவாவோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அம்மா என்னிடம் அல்ல, படத்திடம் கேட்டா.

"தண்ணியுக்கை நிக்கேக்கை குளிர்ந்திராது. வெளியிலை ஏறேக்கை? மொட்டைத் தலையோடை, அந்தப் பனியுக்கை... என்ரை பிள்ளைக்குத் தலை துவட்டிவிட ஆர் இருந்தது?"

ஆராவது இருந்தார்களா அண்ணா?

வருகிற அப்பாவின் திவசத்தில், ஐயர் தொடங்குமுன், எல்லாருக்கும் முன்னால் எழும்பி நின்று நான் சொல்வேன். எங்கள் அப்பாவுக்கு அந்தியேட்டி இரண்டு இடத்தில் நடந்தது, ஒன்றைச் செய்தவர் என் பெரியண்ணா என்று. அம்மா பக்கத்தில் இருப்பா. ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். இது சத்தியம்.

த்ரீ கிங்ஸிலிருந்து,
உங்கள் வாய்க்காரத் தங்கச்சி
மாலா